ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் கை நனைத்த கதை

1

போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுக் கொல்லையில புகை வருதுன்னு யாரோ கவுன்சிலுக்குப் போன் பண்ணிட்டாக போலுக்கு. ஒரு ஆளு வந்து வாசல்ல நிக்காரு. கையில அட்டை, மூஞ்சியில அம்புட்டு மரியாதை. "வீட்டுக்குப் பின்னால தீ வைக்கிறதுக்கு அனுமதி வாங்கியிருக்கீகளா?"ன்னு கேட்டாரு. இந்த அடிலெய்டுல எல்லாரும் இங்கிலீஷுலதான் பேசுறாக, நான் நம்ம பேச்சுல சொல்லுறேன்.

எனக்கு வந்துச்சே கோவம்! சிவகாசிப் பக்கம் நாரணாபுரத்துக்கிட்ட பொறந்து, நாலு பக்கமும் பட்டாசு ஷெட்டுக்கு நடுவுல வளந்தவ நான். எங்கன தீ வைக்கலாம், எங்கன தீக்குச்சியைக் கையில எடுத்தாலே முதுகுத் தோல் உரியும்ங்கிறது எனக்குப் பால்குடி மறக்கையிலயே தெரியும். எனக்கு வந்து பாடம் எடுக்காரு.

"உள்ள வந்து பாருங்க"ன்னு கூட்டிட்டுப் போனேன். தகரத் தட்டுல கொஞ்சம் மண்ணு, அதுல கங்கு, கங்குக்கு மேல சாம்பல். ஆளு எட்டிப் பாத்துட்டு, "என்ன எரிக்கிறீக?"ன்னாரு. "எரிக்கலை, சுடுறேன். கோரைக்கிழங்கு"ன்னேன். ரெண்டை எடுத்து உள்ளங்கையில வச்சுத் தேச்சு, தொலியை ஊதிட்டு நீட்டினேன். மனுசன் முழிச்சாரு, வாயில போட்டாரு, மென்னாரு. "இன்னைக்கு என்ன விசேஷம்?"னு கேட்டாரு.

"நான் தோத்த நாளு. வருசா வருசம் கொண்டாடுறோம்"னேன்.

அட்டையில என்னத்தை எழுதினாரோ, அடுத்த தடவை முன்கூட்டியே சொல்லிருங்கன்னுட்டு, இன்னும் ரெண்டு கிழங்கை வாங்கிட்டுப் போயிட்டாரு. அவருக்குச் சொல்ல நேரமில்லாத கதையை உங்களுக்குச் சொல்லுறேன். விருதுநகர்ல, சிவகாசியில, எனக்குத் தெரிஞ்ச சனம் யாராவது படிச்சாச் சிரிச்சுக்கிருங்க, எனக்கு ஒண்ணும் வெக்கமில்லை.

2

முதல்ல கை நனைக்கிறது என்னன்னு இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சொல்லணும். பொண்ணு பாக்க வந்தவுக அந்த வீட்டுல சாப்பிடக் கூடாது. தண்ணி வேணும்னாக் குடிக்கலாம், அதுவும் அண்ணாந்து. சாப்பிட உக்காந்து கையை நனைச்சுட்டாகன்னா, பொண்ணு பிடிச்சிருக்குன்னு அர்த்தம். அப்புறம் பேச்சு மாறப்பிடாது.

அறுவதுகள்ல என்னையப் பொண்ணு பாக்க வந்தாக, திருத்தங்கல்ல இருந்து. மாப்பிள்ளைக்கு அச்சாபீசுல மிஷின் மெக்கானிக் வேலை. தீபாவளி சீசன் முடிஞ்ச நேரம். எங்க அப்பா சம்சாரி, பருத்தியும் சோளமும் போட்டுக்கிட்டு, மழையை நம்பி உக்காந்திருக்கிற ஆளு. எங்க அம்மா கருப்புட்டிப் பணியாரம் சுட்டு ஒரு குத்துப்போணி நெறைய வச்சிருந்தா. வீடே மணந்துச்சு.

வந்தாக. பாத்தாக. எனக்கு மாமியாராகப் போறவுக என்னைய நடக்கச் சொன்னாக, நடந்தேன். என்ன சமைப்பேன்னு கேட்டாக, சொன்னேன். எங்க அம்மா பணியாரத்தைக் கொண்டாந்து முன்னால வச்சா. அவுக அதைத் தொடக்கூட இல்லை. ஒரு செம்புத் தண்ணியை அண்ணாந்து குடிச்சுட்டு, "சொல்லி விடுறோம்"னு எந்திரிச்சுப் போயிட்டாக.

அன்னைக்குச் சாயந்தரம் தீப்பெட்டி ஆபீசுல வேலை முடிஞ்சு தெருவுல வந்த பொம்பளைகளுக்கெல்லாம் எங்க அம்மா அந்தப் பணியாரத்தைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குடுத்தா. வாய் சிரிச்சுச்சு, கண்ணு சிரிக்கலை. எனக்கு வயிறு எரிஞ்சுச்சு. என்னைய வேண்டாம்னா வேண்டாம்னு போங்க, எங்க அம்மா சுட்ட பணியாரம் உங்களுக்கு என்ன பாவம் பண்ணுச்சு?

பொங்கலுக்கு முந்தி திரும்பவும் வந்தாக. வந்து உக்காந்ததும் அந்தம்மா கேட்டாக: "எங்க, அன்னைக்குச் சுட்டீகளே, அந்தப் பணியாரம்?" ஒண்ணு தின்னாக, ரெண்டு தின்னாக, போணியையே பக்கத்துல இழுத்து வச்சுக்கிட்டாக. எங்க அம்மா அடுப்படிக்குள்ள போயி அழுதா. இப்படித்தான் என் கல்யாணம் நிச்சயமாச்சு.

ஆக, காஞ்ச கைக்கு எம்புட்டு கனம்னு எனக்குத் தெரியும். அது தெரிஞ்சுதான் பின்னால நானே அதைக் கையில எடுத்தேன்.

3

எங்க வீட்டுக்காரருக்கு அடிலெய்டுல ஒரு அச்சாபீசுல வேலை கெடச்சு, குருசாமியைக் கைப்பிள்ளையாத் தூக்கிக்கிட்டு நாங்க இந்த ஊருக்கு வந்தோம். வந்து இறங்கின அன்னைக்கே ஏர்போர்ட்டுல எங்க அம்மா குடுத்துவிட்ட பனங்கிழங்கையும் மொச்சைப் பயறையும் கஸ்டம்ஸ்காரன் எடுத்துத் தொட்டியில போட்டுட்டான். மண்ணு ஒட்டின எதுவும் இந்த நாட்டுக்குள்ள வரப்பிடாதாம். "செருப்புல கூட மண்ணு இருக்கு, அதையும் எடுத்துக்கிறியா?"ன்னு நான் தமிழ்ல கேட்டேன். அவன் என்ன புரிஞ்சுக்கிட்டானோ, நெசமாவே செருப்பை வாங்கிக் கழுவிக் குடுத்தான்.

குருசாமி இங்கனயே படிச்சான். தமிழ் பேசுவான், ஆனா கோவம் வந்தா இங்கிலீஷுக்குப் போயிருவான். நான் கோவம் வந்தாத் தமிழைத் தவிர வேற எதுக்கும் போக மாட்டேன். அதனால எங்களுக்குள்ள சண்டையே ஒழுங்கா நடந்ததில்லை. படிச்சு முடிச்சு, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிற வேலைக்குப் போனான். நாட்டுக்கு நட்டநடுவுல இருக்கிற ஊரு அது, சுத்தி வெறும் செம்மண்ணு.

அங்கன இருந்து ஒரு நாள் போன். "அம்மா, ஒரு பொண்ணு. பேரு டீனா. அவுக சனம் இந்த மண்ணோட ஆதிக்குடி. அவளும் அவ பெரியம்மா மேவிஸும் சுற்றுலா வர்றவகளைக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப் போயி, அவுக சாப்பாடு, கதை, பாட்டு எல்லாம் காட்டுறாக. அம்மா இல்லாத பொண்ணு, பெரியம்மாதான் வளத்தாக."

நான் கத்தின கத்துல டெலிபோன் ஒயரு கருகியிருக்கணும். "நாலு பேரு என்னலே சொல்லுவாக?"ன்னேன்.

பக்கத்துல பேப்பர் படிச்சுக்கிட்டிருந்த எங்க வீட்டுக்காரர் தலையைத் தூக்காமலே சொன்னாரு: "ஏ பேச்சி, இந்த ஊருல நமக்கு நாலு பேரையே தெரியாதே."

அவருகிட்ட அப்புறம் பேசிக்கிறேன்னு விட்டுட்டேன். குருசாமிகிட்ட முடிவாச் சொன்னேன்: "வர்றேன். பொண்ணைப் பாக்குறேன். அங்கன ஒரு வாய் தின்னா, எனக்குச் சம்மதம். கை காஞ்சு திரும்பி வந்தா, இந்தப் பேச்சை அத்தோட விட்டுறணும்."

அப்புறம், "சரிம்மா. நீ சாப்பிடாம நான் கல்யாணம் பண்ண மாட்டேன்"னான். இங்கிலீஷுல சொல்லலை, தமிழ்ல சொன்னான். அதுதான் என்னைய என்னவோ பண்ணுச்சு.

இருந்தாலும் விட்டேனா? பசி என்னையக் காட்டிக் குடுத்துறப்பிடாதுன்னு புளிச்சோறு கட்டி, முறுக்கு சுட்டு, தண்ணி பாட்டில் வரைக்கும் வீட்டுல இருந்தே கொண்டு போனேன். எங்க வீட்டுக்காரருக்கும் கண்டிப்பாச் சொல்லிட்டேன்: "கையை பேண்ட் பைக்குள்ளயே வச்சிருங்க."

4

எங்க ஊரு மண்ணு கன்னங்கரேர்னு இருக்கும், அந்த மண்ணு செக்கச்செவேர்னு இருக்கு. மத்தபடி வெயிலு அதே வெயிலு. டீனா நடத்துற சுற்றுலாவுலயே நாங்களும் சேந்துக்கிட்டோம், சின்ன பஸ்ஸு. மெல்போர்ன்ல இருந்து வந்த ரிட்டயரான டீச்சர் அம்மா ரெண்டு பேரு, ஒரு ஜெர்மன்காரப் புருசன் பொஞ்சாதி, நாங்க. டீனா முன்னால நின்னு பேசினா. ஒல்லியா, உசரமா, வாய் ஓயாம சிரிச்சுக்கிட்டு. நல்லாத்தான் இருந்தா. நல்லா இல்லைன்னு சொல்ல ஏதாச்சும் கெடைக்குமான்னு தேடிப் பாத்தேன், கெடைக்கலை.

பெரியம்மா மேவிஸ் என் வயசுதான். பூப்போட்ட பாவாடை, செருப்பில்லாத காலு, கையில கம்பு. டீனா அவுகளை "எங்க அம்மா"ன்னு அறிமுகம் பண்ணினா. ஒரு டீச்சர் அம்மாவுக்குக் குழப்பம், "பெரியம்மான்னு சொன்னீகளே?"ன்னு கேட்டாக. அம்மாவோட அக்கா எங்களுக்கு அம்மாதான்னு டீனா மெனக்கெட்டு விளக்கினா. எனக்கு ஒரு விளக்கமும் வேண்டியிருக்கலை. பெரியம்மான்னா அம்மாதானே!

கொஞ்ச நேரங்கழிச்சு அந்த டீச்சர் அம்மா என்கிட்ட வந்து ஒரு முள்ளு மரத்தைக் காட்டி, "இதுக்கு உங்க மொழியில என்ன பேரு?"ன்னு கேட்டாக. என் நெறத்தைப் பாத்து என்னைய மேவிஸோட தங்கச்சின்னு நெனச்சுட்டாக போல. நானும் கூசாம, "உடைமரம்"னேன். அவுக "உடாய்மரம், உடாய்மரம்"னு நாலு தடவை சொல்லிப் பழகினாக. திரும்பிப் பாத்தா மேவிஸ் முதுகைக் காட்டி நின்னுக்கிட்டு தோளு குலுங்கச் சிரிக்காக.

சிரிச்சது நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா ஒரு விசயம் என் கண்ணை உறுத்திக்கிட்டே இருந்துச்சு. குருசாமி பஸ்ஸுப் பக்கத்துலயே நிக்கான், கிட்ட வரலை. "அங்கன என்னலே வேலை? வா இங்கன"ன்னு நான் சத்தம் போட்டதும் தயங்கித் தயங்கி ரெண்டு எட்டு வச்சான். அவன் வர்றதைப் பாத்ததும் மேவிஸ் விசுக்குன்னு மூஞ்சியைத் திருப்பிக்கிட்டு அந்தப் பக்கம் போயிட்டாக. இன்னொரு தடவையும் அப்படித்தான். அவன் இருக்கிற திசையையே பாக்கலை.

எனக்குத் தீயாப் பத்திக்கிச்சு. என் பிள்ளைக்கு என்ன குறைச்சல்? படிச்சவன், கை நிறையச் சம்பாதிக்கிறவன், குடி கிடையாது, பீடி கிடையாது. வேண்டாம்னு சொல்ல வந்தவ நானு, என் பிள்ளையை வேண்டாம்னு சொல்ல இவுக யாரு? கேட்டா என் பிள்ளைக்குத்தான் அவமானம்னு வாயை இறுக்கி மூடிக்கிட்டேன்.

கங்காரு வாலைத் தணல்ல புதைச்சு எடுத்துக் குடுத்தாக. ஜெர்மன்காரர் தின்னாரு. எனக்கு வேண்டாம்னுட்டேன். ஒரு செடியோட வேரைத் தோண்டி, விரல் தண்டிக்கு வெள்ளைப் புழுவை எடுத்து வாட்டினாக. எங்க வீட்டுக்காரர் எச்சில் முழுங்கினாரு. மழை நாள்ல ஈசல் பிடிச்சு அரிசியோட வறுத்துத் தின்ன ஆளு அவரு. நான் ஒரு பார்வை பாத்தேன், கை பைக்குள்ள இன்னும் ஆழமாப் போயிருச்சு.

மேவிஸ் புதுசா ஒரு இடத்துல தீ மூட்டக் குச்சியைக் கிழிச்சதும் என்னைய அறியாம நான் சுத்துமுத்தும் பாத்தேன். "என்ன தேடுறீக?"ன்னு டீனா கேட்டா. "பக்கத்துல ஏதும் பட்டாசுக் கம்பெனி இருக்கா?"ன்னேன். எம்புட்டு வருசமானாலும் போகாது இந்தப் புத்தி.

நாங்க சின்னப் பிள்ளைகளா இருக்கையில ஊருக்குள்ள எதையும் சுட முடியாது. ஒரு பக்கம் ஷெட்டுல மருந்து காயும், இன்னொரு பக்கம் தீப்பெட்டி ஆபீஸ். அதனால ஓடைக்குப் போவோம், ஷெட்டையெல்லாம் தாண்டி வெகு தூரம். ஓடை மணல்ல கோரை மண்டிக் கிடக்கும். குச்சியால தோண்டுனா அடியில சின்னச் சின்ன வெங்காயம் மாதிரிக் கிழங்கு. சருகைக் கூட்டித் தீ வச்சு, சாம்பல்ல போட்டு எடுத்து, உள்ளங்கையில தேச்சுத் தொலியை ஊதிட்டு வாயில போட்டாக் கொட்டையும் பாலும் கலந்த ருசி. மழையில்லாத பஞ்சத்துல கம்மங்கஞ்சிக்கே வழியில்லாத வருசங்கள்ல அதுதான் எங்களுக்குப் பலகாரம்.

மேவிஸ் என்ன பண்ணினாக தெரியுமா? காஞ்ச ஆத்து மணல்ல குத்த வச்சாக. கம்பால தோண்டினாக. புல்லுக்கு அடியில இருந்து ஒரு குத்து அள்ளி, குழிவான மரத்தட்டுல போட்டாக. நான் எட்டிப் பாத்தேன்.

ஆத்தாடி! அதே கிழங்கு!

"யல்க"ன்னாக மேவிஸ். சாம்பல்ல போட்டாக, குச்சியால கிளறினாக, எடுத்து உள்ளங்கையில வச்சுத் தேச்சாக, ஊதினாக. தொலி பறந்துச்சு. அதே மாதிரி தேப்பு, அதே மாதிரி ஊதல். பனங்கிழங்கு வந்தாப் பிடிக்கிற கஸ்டம்ஸ்காரன் இதை எப்படி விட்டான்னு ஒரு நிமிசம் நெனச்சேன். அப்புறம்தான் புத்தியில பட்டுச்சு, கஸ்டம்ஸ்காரனோட பாட்டன் பூட்டன் வர்றதுக்கு முந்தியே இது இங்கனதான் இருக்கு.

அப்புறம் என்ன நடந்துச்சுன்னு எனக்கு ஞாபகம் கொஞ்சந்தான். மேவிஸுக்குப் பக்கத்துல நானும் குத்த வச்சிருக்கேன். அவுக தேய்க்காக, நானும் தேய்க்கேன். நான் தேய்க்கிற வேகத்தைப் பாத்து அவுக தேய்க்கிறதை விட்டுட்டு என்னையவே பாக்காக. சின்னப் பிள்ளையில அவுகளைக் குடும்பத்தை விட்டுப் பிரிச்சு பாதிரிமாருக நடத்தின மிஷன் விடுதியில வச்சிருந்தாகளாம். மாவுக் கஞ்சிதான் மூணு வேளையும். அவுக பாஷையைப் பேசினா அடி. அம்மா ஆத்தோரமா வந்து காத்துக்கிட்டிருப்பாகளாம், இவுக வேலியில புகுந்து ஓடிப் போயி, ரெண்டு பேரும் யல்க தோண்டித் தின்னுட்டுத் திரும்புவாகளாம். எந்த வருசம்னு கேட்டேன். சொன்னாக. நான் ஓடையில தோண்டிக்கிட்டிருந்த அதே வருசங்கதான். எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, அவுக என் கையில இன்னொரு குத்தை வச்சு "தின்னு"ன்னாக. தின்னேன்.

"ஏ பேச்சி"ன்னு எங்க வீட்டுக்காரர் குரல். "கை."

பாத்தேன். மணிக்கட்டு வரைக்கும் சாம்பல். முன்னால கும்பலாத் தொலி.

பஸ்ஸுப் பக்கத்துல நின்ன குருசாமி அப்படியே மண்ணுல உக்காந்துட்டான். சிரிக்கானா அழுகுறானான்னு தெரியலை. டீனா ஓடிப் போயி அவன் தோளைப் பிடிச்சா.

"கிழங்கு சாப்பாட்டுல சேராது"ன்னு நான் எந்திரிச்சு நின்னு சொன்னேன்.

"அப்படியா?"ன்னாரு எங்க வீட்டுக்காரர். பைக்குள்ள இருந்து ரெண்டு கையையும் வெளிய எடுத்தாரு. "அப்ப எங்க அம்மா உங்க வீட்டுல தின்ன பணியாரமும் சாப்பாட்டுல சேராது. நம்ம கல்யாணமே செல்லாது போ"ன்னுட்டு நேரா அந்தப் புழு வாட்டுற இடத்துக்குப் போனாரு.



5

நான் தோத்துட்டேன், சரி. ஆனா மேவிஸ் என் பிள்ளைக்கு மூஞ்சியைத் திருப்பினது மனசுல முள்ளாக் கிடந்துச்சு. நான் சம்மதிச்சு என்ன, அவுக சம்மதிக்கணுமே? கல்யாணத்தைப் பேசி முடிக்க மேவிஸ் டீனாவோட அடிலெய்டுக்கு வந்தாக. ஏர்போர்ட்டுல அவுக பெட்டியைக் காணோம். எந்தச் சன்னல்ல கேட்டாலும் அடுத்த சன்னலுக்குப் போகச் சொல்லுறாக. டீனா சண்டை போட அங்கனயே நின்னுட்டா. எங்க வீட்டுக்காரர் மேவிஸைக் கார்ல கொண்டாந்து விட்டுட்டு டீனாவுக்காகத் திரும்பப் போனாரு. கார்ல இடமிருந்தும் குருசாமி பஸ்ஸுல வந்தான். "ஒரே கார்ல வரக்கூட அவுகளுக்குப் பிடிக்கலையாலே?"ன்னு கேட்டேன். "அப்படி இல்லம்மா, அது வந்து..."ன்னான். "போதும், தட்டை எடுத்து வை"ன்னு அடக்கிட்டேன்.

விடியக்காலம் இருந்து சமைச்சிருந்தேன். ஆட்டுக்கறிக் குழம்பு, ரசம், கத்திரிக்காய்ப் பொரியல், அப்பளம். கருப்புட்டிப் பணியாரம் ஒரு பாத்திரம் நெறைய. மேவிஸை உக்கார வச்சேன். குருசாமி அடுப்படிக்குள்ள நழுவப் பாத்தான், "மரியாதை இல்லாம எங்கலே போற, உக்காரு"ன்னு பிடிச்சு எதிர்ல உக்கார வச்சேன்.

மேவிஸ் கையை மடியில வச்சுக்கிட்டு, உடம்பைத் திருப்பிச் சுவத்துல தொங்குற சிவகாசிக் காலண்டரையே பாத்துக்கிட்டிருக்காக. சோத்தைத் தொடலை. பணியாரத்தை எடுத்துப் பக்கத்துல வச்சேன். தொடலை. தண்ணியை மட்டும் எடுத்துக் குடிச்சாக.

எனக்கு உசிரே போயிருச்சு. போணி நெறையப் பணியாரத்தோட எங்க அம்மா அன்னைக்கு எப்படி நின்னிருப்பா! கை காஞ்சு எந்திரிச்சுப் போயிட்டாகன்னா என் பிள்ளை கதி என்ன? அந்தப் பொண்ணு கதி என்ன? எந்தச் சாமியையெல்லாமோ கூப்பிட்டேன். "நல்லா இல்லையா? காரமா?"ன்னு கேட்டேன். குரல் எனக்கே பிச்சைக்காரி குரல் மாதிரி இருந்துச்சு.

மேவிஸ் காலண்டரைப் பாத்துக்கிட்டே என்கிட்டச் சொன்னாக: "அந்தப் பையனைச் சாப்பிடச் சொல்லு. எளைச்சுப் போயிட்டான்."

கை நீட்டினாத் தொடுற தூரத்துல உக்காந்திருக்கான். அவன்கிட்டச் சொல்லாம என்கிட்டச் சொல்லுறாக.

எனக்கு மண்டையில யாரோ ஓங்கிக் குட்டுன மாதிரி இருந்துச்சு. எங்க அம்மா! எங்க கல்யாணம் முடிஞ்சு மறுவீட்டுக்குப் போனப்ப எங்க வீட்டுக்காரர் சாப்பிட உக்காந்தாரு. எங்க அம்மா கதவுக்குப் பின்னால நின்னுக்கிட்டு, "மாப்பிள்ளைக்கு இன்னும் ரெண்டு தோசை வைக்கச் சொல்லுடி"ன்னா. சாகுற மட்டும் அவரு மூஞ்சிக்கு நேரா நின்னு அவ பேசினதே இல்லை, அவரு இருக்கிற இடத்துல உக்காந்து ஒரு வாய் தின்னதும் இல்லை. மாமியாருன்னா அப்படித்தான். பிடிக்காமலா? அம்புட்டு மரியாதை, அம்புட்டுப் பிரியம்.

இவுக சனத்துலயும் அதே வழக்கம்னா, அப்ப ஆத்தங்கரையில மூஞ்சியைத் திருப்பினது? நான் கிழங்கைக் கண்ணுல பாக்குறதுக்கு முந்தியே, என் கை சாம்பல்ல விழுகுறதுக்கு முந்தியே, இவுக என் பிள்ளையை மாப்பிள்ளைன்னு முடிவு பண்ணிட்டாக. நான்தான் கை நனையப்பிடாதுன்னு முறுக்கும் புளிச்சோறும் கட்டிக்கிட்டுப் போயிருக்கேன்!

"ஏலே குருசாமி, எந்திரி!"ன்னு கத்தினேன். "தட்டைத் தூக்கிட்டுக் கார் ஷெட்டுக்குப் போ!"

"இதைத்தாம்மா சொல்ல வந்தேன் அப்பயே..."

"சொல்ல வந்தவன் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானலே? உன் மாமியாரு சாப்பிடணும், போ!"

அவன் தட்டோட சிரிச்சுக்கிட்டே ஓடினான். கதவு சாத்துற சத்தம் கேட்டதும் மேவிஸ் திரும்பினாக. என்னைய மேலயும் கீழயும் பாத்தாக. "இது தெரிய உனக்கு இம்புட்டு நேரமா?"ன்னுட்டு, சேரை இழுத்துப் போட்டு, அஞ்சு விரலையும் குழம்புச் சோத்துக்குள்ள வச்சுப் பிசைஞ்சாக. நான் நின்ன இடத்துலயே முந்தானையால மூஞ்சியை மூடிக்கிட்டேன். சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு, எது முதல்ல வந்துச்சுன்னு தெரியலை.

கார் ஷெட்டுல இருந்து குருசாமி, "அம்மா, ரசம்!"னு கூப்பிட்டான்.

மேவிஸ் பணியாரப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து வச்சுக்கிட்டாக. வாய் நெறைய அதக்கிக்கிட்டு, சாத்தின கதவைக் கண்ணால காட்டி என்கிட்டச் சொன்னாக: "இதுலயும் ரெண்டு அவனுக்குக் குடுத்து விடு. நான் குடுத்ததா நீ சொல்லு."